படம் காட்டாதே, அளக்கக் கொடு: மலைப்பள்ளித் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

போனில் நீ புலம்பியதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கொடைக்கானல் மேல்மலைக்கு மாற்றலாகிப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, கரண்ட் இல்லை. கரண்ட் வந்தால் டவர் இல்லை. இரண்டும் வாய்த்த ஒரு நாளில் விண்வெளி பற்றி இருபது நிமிட வீடியோ ஓட்டினாய், கடைசி பெஞ்சு குறட்டை விட்டது. "நம்ம ஊர்ல நடக்கிற ஆராய்ச்சியைப் பத்திப் பாடம் எடுங்கன்னு சொல்றாங்கக்கா, எதைக் காட்டுறது?" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கீழ்மலைப் பள்ளிகளில் பதினாறு வருஷம் அறிவியல் எடுத்தவள் நான். காட்டாத படமில்லை, தூங்காத பிள்ளையில்லை. அதில் தேறியது ஒன்றுதான். எந்தப் படத்தை எடுத்தாலும் அதன்மேல் ஸ்கேல் வைத்து அளக்க முடியுமா என்று பார். முடிந்தால் அது பாடம். முடியாவிட்டால் சினிமா.

அளக்கத் தோதான படங்கள் உலகத்திலேயே எங்கே குவிந்து கிடக்கின்றன தெரியுமா? உன் பள்ளியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில். கொடைக்கானல் சூரிய ஆய்வகம், நம் ஆட்கள் வாயில் ‘அப்சர்வேட்டரி’. 1899-ல் தொடங்கியது, 1901-லிருந்து சூரியனைக் கவனித்து வருகிறது. 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள், முதலில் கண்ணாடித் தகடுகளில், பிறகு ஃபிலிமில். அந்தப் படங்களை ஸ்கேன் செய்து இந்திய வானியற்பியல் மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலான சூரியனின் ஆல்பம். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக்கூட நாம் இப்படிப் பத்திரப்படுத்தவில்லை.

அதிலிருந்து அடுத்தடுத்த நான்கு நாள் படங்களை எடுத்துக்கொள். வெள்ளொளியில் எடுத்தது, வடக்கு மேலே இருக்கும்படி சரிசெய்தது, பெரிய கரும்புள்ளி ஒன்றாவது நடுவட்டாரத்தில் இருப்பது. மூஞ்சிக்கல்லில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, சூரியன் 18 செ.மீ. வட்டமாக வரும்படி ஏ4 தாளில் பிரின்ட் போடு. கலர் வேண்டாம், காசு தண்டம். வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு செட். மேலே பட்டர் பேப்பர் வைத்து முதல் நாள் புள்ளியைக் குறிக்கச் சொல். அதே பட்டர் பேப்பரை இரண்டாம் நாள் படத்தின்மேல் வை, மூன்றாம் நாள் படத்தின்மேல் வை. புள்ளி நகர்ந்திருக்கும். நடுவட்டாரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 செ.மீ. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், சூரியனும் சுத்துதா?"

அந்தக் கேள்வி வரும்வரை நீ வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

ஓரத்துக்குப் போகப் போகப் புள்ளியின் நகர்வு குறையும். ஒரு பேரிக்காயில் பேனாவால் புள்ளி வைத்துத் திருப்பிக் காட்டினால் காரணம் அவர்களுக்கே விளங்கிவிடும். ஒரு ஓரத்தில் தோன்றிய புள்ளி மறு ஓரத்தில் மறையப் பதிமூன்று பதினான்கு நாள் ஆகும். அதை இரட்டித்தால், நாம் பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள். இதே கணக்கைத்தான் வானியல்காரர்களும் போட்டார்கள். உன் பிள்ளைகள் பட்டர் பேப்பரில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து ஒரு கடுகு. சூரியனின் குறுக்களவில் 109 பூமிகளை வரிசையாக வைக்கலாம். வட்டம் 18 செ.மீ. என்றால் பூமி ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதுதான் கடுகு. ஆளுக்கொரு கடுகைக் கொடுத்துப் புள்ளியின்மேல் வைக்கச் சொல். சில புள்ளிக் கூட்டங்களில் ஏழெட்டுக் கடுகு உட்காரும். அப்போது வகுப்பில் ஒரு நிசப்தம் வரும், பார்.

இன்னொரு செட்: 2019-ல் ஒரு நாள், 2024-ல் ஒரு நாள். முன்னதில் சூரியன் துடைத்து வைத்த தாம்பாளம்போல இருக்கும். பின்னதில் அம்மைத் தழும்பு. ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடிக் குறையும் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இனி நிஜச் சூரியன். நேராகப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங்கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எதுவும் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் ஒரு செ.மீ.க்கும் குறைவாக ஓட்டை போடு. மைதானத்தில் செங்கல்மேல் சாய்த்து வைத்து, வெளிச்சத்தை வகுப்பறையின் பின்சுவரில் விழவிடு. கண்ணாடிக்கும் சுவருக்கும் 20 மீட்டர் தூரம் இருந்தால் சுவரில் விழும் சூரியன் 18 செ.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்கும், நீ பிரின்ட் போட்ட அதே அளவு. தூரத்தை 108-ஆல் வகுத்தால் வட்டத்தின் அளவு வரும், ரொம்பக் கிட்டே இல்லாத எந்தத் தூரத்துக்கும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் சுவரில் வட்டம்தான் விழும்; அதையும் செய்து காட்டு. கண்ணாடியில் தெரியும் சூரியனை எட்டிப் பார்க்க விடாமல் பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையைக் காவல் வை. சுவரில் கரும்புள்ளி தெரியும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. நான் கொடுத்து, மானம் போனது.

கண்ணாடியை ஆடாமல் வைத்துவிட்டு, வட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் வரையச் சொல். ஏறக்குறைய இரண்டு நிமிஷத்தில் வெளிச்சம் கோட்டைவிட்டு முழுசாக நகர்ந்துவிடும். பூமி சுற்றுவதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகு அப்சர்வேட்டரியின் சுரங்கத் தொலைநோக்கியின் படத்தைக் காட்டு. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின்மேல் சூரியனோடு சேர்ந்து திரும்பும் கண்ணாடி. அது வெளிச்சத்தைக் கீழே இறக்கி, தரைக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. காற்றுச் சூட்டில் படம் அலைபாயாமல் இருக்கத்தான் சுரங்கம். உள்ளே 36 மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ், அது விழவைக்கும் சூரியன் 34 செ.மீ. அகலம். 36 மீட்டரை 108-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல். 33 செ.மீ.க்குச் சற்று மேலே வந்து நிற்கும். விஞ்ஞானியின் கருவியும் செங்கல்மேல் சாய்த்த கண்ணாடியும் ஒரே கணக்கு என்று தெரிந்த நாளில், என்னிடம் படித்த ஒரு பையன் நோட்டில் மூன்று முறை வகுத்துப் பார்த்தான், ஏதோ நான் ஏமாற்றுகிறேன் என்று.

எவர்ஷெட் கதையை அவசியம் சொல். ஜான் எவர்ஷெட் 1907-ல் கொடைக்கானலுக்கு வந்தவர். 1909 ஜனவரியில், கரும்புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார், விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில். அந்த வேகத்தில் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு அரை நிமிஷம். உலகம் முழுக்க இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். கூடவே அவர் மனைவி மேரியையும் சொல். பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர், இத்தாலியக் கவி தாந்தேயும் பழைய வானியலும் பற்றி 1914-ல் புத்தகமே எழுதியவர்.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வாயு ஓடுகிறது என்று எப்படித் தெரிந்தது? வத்தலக்குண்டு ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பஸ்ஸைக் கேட்கச் சொல். நெருங்கும்போது கீச்சென்றும், தாண்டிப் போனதும் கம்மிப்போயும் கேட்கும். ஒளியிலும் அதே கதை: நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்தாதே. ஒரு பஸ்ஸரை ஒன்பது வோல்ட் பேட்டரியோடு கட்டிப் பழைய சாக்ஸில் போட்டு, கயிற்றில் சுழற்று. வட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்குச் சுருதி ஏறி இறங்கும், சுழற்றும் உனக்கு மாறாது. பிறகு கேள்: உங்கள் வீட்டில் யாருக்காவது கர்ப்ப காலத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? கை தூக்குவார்கள். வயிற்றுக்குள் குழந்தைக்கு ரத்தம் ஓடும் வேகத்தையும், புயல் மேகத்தின் காற்று வேகத்தையும் அளப்பது இதே சூத்திரத்தில்தான். அன்றாட வாழ்க்கையில் பயன்பாடு என்று பாடநூல் பாணியில் நீட்டி முழக்காமல் இந்த ஒன்றோடு நிறுத்து.

"சூரியனைப் படம் பிடிச்சு நமக்கென்ன லாபம்?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். தாது வருஷப் பஞ்சத்திலிருந்து ஆரம்பி. 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் ஏதாவது துப்புக் கிடைக்குமா என்ற தவிப்பும் இந்த ஆய்வகம் பிறக்க ஒரு காரணம். 1893-ல் லண்டனில் கூடிய குழு கொடைக்கானலில் அமைப்பது என்று முடிவெடுத்தது. புள்ளியை எண்ணி மழையைச் சொல்லும் கணக்குக் கைகூடவில்லை. அதையும் மறைக்காமல் சொல். நினைத்தது கிடைக்காமல் வேறொன்று கிடைப்பது ஆராய்ச்சியில் சகஜம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கிடைத்த வேறொன்று என்ன? சூரியப் புயல் அடித்தால் இங்கே என்ன ஆகும் என்ற அறிவு. 1989 மார்ச்சில் அப்படி ஒரு புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தது. இன்னொரு புயலில், 2022 பிப்ரவரியில் அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை சுற்றுப்பாதை ஏறமுடியாமல் எரிந்து விழுந்தன. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்ததும் அப்சர்வேட்டரியை நடத்தும் அதே மையம்தான். ஆனால் ஒன்று, உன் போனில் சிக்னல் இல்லாததற்குச் சூரியனைச் சாட்சிக்கு இழுக்காதே. அது வெறும் டவர் பிரச்சினை.

சூரியனே கதி என்று கிடக்காதே. மலை முழுக்க ஆய்வகம்தான். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்; நாம் சாப்பிடும் பட்டர் ஃப்ரூட்டில் டி.கே.டி. 1 என்ற ரகம் அந்த ஊர்ப் பெயரைச் சுமப்பதுதான். தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி. மன்னவனூரில் ஆட்டுப்பண்ணை என்று டூரிஸ்ட் போட்டோ எடுக்கிறானே, அது மத்திய செம்மறியாட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்னக மையம். செண்பகனூரில் 1895-லிருந்து இருக்கும் அருங்காட்சியகம்.

விருப்பாச்சி மலைவாழைக்கு ஒரு முழு பீரியட் கொடு. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம், பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிர். அந்தப் பஞ்சாமிர்தமும் 2019-ல் குறியீடு வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் இந்த வாழையை முடிக்கொத்து நோய் கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டது, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நோய்க்குக் காரணம் வைரஸ். பரப்புவது அசுவினிப் பூச்சியும், நாமே தோண்டிக் கொடுக்கும் பக்கக் கன்றும். அதனால்தான் வைரஸ் இல்லாத திசுவளர்ப்புக் கன்று. இதற்கு வீடியோ தேடி அலையாதே. பிள்ளைகளிடம் ஒரு போனைக் கொடுத்து, தாத்தாவிடம் மூன்றே கேள்வி கேட்டு ஆடியோ எடுத்து வரச் சொல்: முன்னாடி எத்தனை வாழை இருந்தது, நோய் வந்தபோது இலை எப்படி இருந்தது, அப்புறம் என்ன செய்தீங்க? அந்த ஆடியோவோடு, நோயுற்ற வாழையின் படம் ஒன்றும் நல்ல வாழையின் படம் ஒன்றும் போதும். பஞ்சாமிர்தம் பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காமலே ஏன் கெடுவதில்லை என்ற கேள்வி கூடவே வரும். சர்க்கரை நுண்ணுயிரின் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது என்பதற்கு, வெட்டிய வெள்ளரிக்காய்மேல் உப்புத் தூவி வைத்துக் காட்டு.

பூண்டும் அப்படித்தான். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் குறியீடு பெற்றது. முழுப் பல்லை முகரச் சொல், வாசனை சொற்பம். நசுக்கி முகரச் சொல், மூக்கைப் பிடிப்பார்கள். நசுங்கும்போதுதான் பல்லுக்குள் தனித்தனியாக இருந்த அல்லியினும் அல்லினேஸ் என்ற நொதியும் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது. நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டு அடுப்பில் போட்டால் அது உண்டாக நேரம் கிடைக்கும். நீயும் இனிமேல் ரசத்துக்கு அப்படிச் செய், எண்ணெயில் அப்படியே போட்டுக் கருக்காதே.

ஒரு இடத்தில் மட்டும் நாக்கை அடக்கு. பழனி மலைத்தொடரில் நாற்பது வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்தது. கூகுள் எர்த்தில் 1984-லிருந்து வருஷவாரியாக ஓட்டிப் பார்க்கலாம், பள்ளியில் நெட் இல்லாவிட்டால் வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள். கட்டம் போட்ட ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்டை மேலே வைத்துக் கட்டம் எண்ணச் சொல். சீகை என்றும் வாட்டில் என்றும் சொல்கிறோமே அந்த மரங்களும், தைல மரமும், பைனும் ஒரு காரணம். விவசாயமும் ஒரு காரணம். முன்னே உட்கார்ந்திருப்பது கேரட், உருளைக்கிழங்கு போடும் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தொனி வந்தால் அந்தப் பிள்ளை அன்றோடு காதை மூடிக்கொள்ளும். புல்வெளி ஊற்றாகத் தேக்கிக் கொடுக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசு, மீதியை அவர்களே பேசுவார்கள்.

கொடைக்கானலில் 2001-ல் மூடிய பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விஷயத்திலும் அதே நிதானம். அங்கே வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளின் வீட்டில் இருக்கலாம். காற்றில் கலந்த பாதரசத்தை மரப்பட்டையில் வளரும் லைக்கனையும் பாசியையும் எடுத்து விஞ்ஞானிகள் அளந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி, பள்ளிக்கூட மரத்தில் லைக்கனைக் காட்டு. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான் என்றால் நம்ப மாட்டார்கள். பாதரச தெர்மாமீட்டர் உன் லேபில் இருந்தால் பிள்ளைகள் கைக்குக் கொடுக்காதே.

மற்றபடி சில்லறை விஷயங்கள். வீடியோ என்றால் மூன்று நிமிஷம், அதற்குமேல் போகாதே. சத்தத்தை ம்யூட் செய்துவிட்டு நீயே பேசு. இங்கிலீஷ் குரலும் பின்னணி இசையும் பிள்ளைக்கும் உனக்கும் நடுவில் சுவர். முந்தின நாள் ராத்திரியே டவுன்லோட் செய்து பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. மணற்கேணி ஆப், கல்வித் தொலைக்காட்சி, பாடநூலின் க்யூஆர் கோடு எல்லாவற்றிலும் பாடத்துக்கான படங்கள் உண்டு, நன்றாகவே இருக்கும். ஊர்ச் சங்கதியை நீதான் சேர்க்க வேண்டும். ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதே. பிள்ளைகள் செய்வதைப் போட்டோ எடுத்தால் கையையும் நோட்டையும் எடு, முகத்தை ஸ்டேட்டஸில் போடாதே.

எங்கே கூட்டிப்போவதானாலும் முதல் நாளே போன் செய்து நேரம் கேட்டுக்கொள். நான் ஒரு தடவை நாற்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டிய கேட் முன்னால் நின்றேன். அன்றைக்கு எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்ததில் என் சம்பளத்தில் துண்டு விழுந்தது. அப்சர்வேட்டரிக்குப் போனால் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வியை வகுப்பிலேயே எழுதி வாங்கிவிடு, "இன்னிக்கு எத்தனை புள்ளி?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், அங்கிருப்பவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

வருகிற ஞாயிறு மேலே வருகிறேன். கறுப்புச் சார்ட்டும் பட்டர் பேப்பரும் வத்தலக்குண்டிலேயே வாங்கிவிடுகிறேன், அங்கே விலை குறைவு. சின்னக் கண்ணாடி ஒன்றை நீ தேடி வை. பூம்பாறைப் பூண்டு அரைக் கிலோவும் எடுத்து வை, போன தடவை கொடுத்ததில் பாதி மண்.

அக்கா